பி பக்கத்தில் ஃபேன் சத்தம்

மரியதாஸ் சார் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்... டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர்தானாம்.

போனை வைத்தேன். அழுகை வரவில்லை. அசதிதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் ஒரு சின்ன டிரஸ்டில் இருவரும் வேலை பார்த்தோம். கடற்கரை ஊர்களுக்குப் போய் மீனவர்களின் பாட்டு, காற்றுகளின் பெயர், பழைய கதை எல்லாம் கேசட்டில் பதிந்து வருவார்கள். கேசட் ரூம் சாருடைய பொறுப்பு. ஹெட்போனில் கேட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. டெம்பரரி போஸ்ட்.

சார் மைசூரிலேயே பிறந்த ரயில்வே குடும்பத்துத் தமிழர். தமிழ் பேசுவார், எழுத வராது. லேபிளில் "கடல் பாட்டு" என்று கன்னட எழுத்தில் எழுதி ஒட்டுவார். கடலை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பதிவான கேசட் கைக்கு வந்ததும், விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் பேனா மூடியால் நெம்பி உடைத்துவிடுவார். அது உடைந்தால் அதன்மேல் வேறு எதுவும் பதிய முடியாது.

"முடிஞ்சுது கணம்மா. இனி டைரக்டரே வந்து பாடினாலும் ஏறாது" என்பார். 'கணம்மா' என்பது கன்னடத்தில் 'பாரும்மா' மாதிரி.

ஒருநாள் குமரிக் கடற்கரையிலிருந்து சிலுவை ஐயா வந்து நின்றார். அவர் குரலை இரண்டு வாரமாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆளை அன்றுதான் பார்த்தேன். கையில் கருவாட்டுப் பை. ஆபீஸ் முழுக்க வாசனை.

"யாரும்மா இவரு, கடலையே கூட்டிட்டு வந்திருக்காரு?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து நாற்காலி போட்டது மரியதாஸ் சார் மட்டும்தான்.

ஏ பக்கம் முழுக்கப் பாடிய சந்தோஷத்தில், பி பக்கத்தில் ஐயா தன் பாரைப் பற்றிச் சொல்லிவிட்டிருந்தார். பார் என்றால் கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டு. கரையில் எந்தக் கோபுரமும் எந்த மலையும் ஒரே நேராகத் தெரிந்தால் அதன்மேல் நிற்கிறோம் என்பது அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே தெரியும். பெண் கொடுத்த வீட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்களாம்.

"பாட்டு இருக்கட்டும் மக்களே. பாரு சொன்னத மட்டும் அழிச்சிரணும். புக்குல வந்துதுன்னா மறுநாளே விசைப்படகுக்காரன் வந்து அரிச்சிட்டுப் போயிருவான். பாரச் சொல்லிட்டேன்னு எந்தம்பி எங்கிட்ட பேசுறதே இல்ல."

டைரக்டர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பதிந்தது டிரஸ்டின் சொத்து, அழிக்க ரூல் இல்லை, பாதுகாக்கத்தானே இருக்கிறோம் என்று. அதைத் தமிழில் ஐயாவிடம் சொன்னது நான்.

ஐயா பையை என் மேஜைமேல் வைத்து, "கொழம்பு வையி மக்களே" என்றார்.

மதியம் கேசட் ரூம் கதவு சாத்தியிருந்தது. சாயங்காலம் மரியதாஸ் சார் ஐயாவைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் விட்டார்.

மறுநாள் ஹெட்போனை மாட்டினேன். ஏ பக்கம் பாட்டு. பி பக்கம் முழுக்க... ஃபேன் சத்தம். கடைசியில் ஒரு இருமல்.

கேசட்டை எடுத்துப் பார்த்தேன். பல் உடைந்த ஓட்டையின்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஓட்டையை மூடினால் மறுபடி பதியும். தெரியாமல் நடக்கிற காரியமில்லை.

பி பக்கம் அழிந்தது தெரிந்து விசாரணை வைத்தார்கள். "காலி கேசட்னு நெனச்சுட்டேன் சார், தப்பாயிடுச்சு" என்றார் மரியதாஸ் சார்.

நான் செல்லோடேப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் ஏன் செய்திருப்பார் என்றும் யாரிடமும் பேசவில்லை. பி பக்கத்தை இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அது பொய். மூன்று தாள் எழுதி முடித்திருந்தேன். அந்த நோட்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அவரைக் காப்பாற்றவா, என் வேலையைக் காப்பாற்றவா... தெரியவில்லை.

அவரை டிஸ்பாட்ச் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும்வரை கவர் ஒட்டினார். நான் அந்த ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"என்னம்மா, கடல் எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

டிரஸ்டை மூடிப் பல வருடமாகிறது. போன மாதம் கடற்கரை மரபுகளைச் சேகரிக்கும் ஒரு குழுவிலிருந்து மெயில் வந்தது. பழைய கேசட்டுகள் இப்போது அவர்களிடம். பி பக்கத்தில் பேச்சே இல்லை, உங்கள் கைப்பிரதி இருக்குமா என்று கேட்டிருந்தார்கள். சிலுவை ஐயா இல்லை. அவர் மகன் கடலுக்குப் போகிறார், ஆனால் பாரைப் பற்றிக் கேட்டால் பேச மறுக்கிறார். நீங்களும் கொடுக்காவிட்டால் எல்லாமே போய்விடும் என்று எழுதியிருந்தார்கள்.

கெட்டவர்கள் இல்லை. எனக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது... எத்தனை வருடம் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு மாறுவது?

இரண்டு வாரம் முன்பு மரியதாஸ் சாருக்கு போன் செய்து, அந்த மூன்று தாள் என்னிடம் இருப்பதைச் சொல்லி, கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"அவரு வந்து கேட்டாரு, நான் செஞ்சேன். அஷ்டே, அவ்வளவுதான். என்னை ஏன் கேக்கறேம்மா, பேப்பர் உங்கிட்டதானே இருக்கு?" இருமினார். பிறகு, "கடல் எப்படி இருக்கு?"

"இருக்கு சார்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

இன்று மதியம் நோட்டிலிருந்து அந்த மூன்று தாளையும் கிழித்து எடுத்தேன். சிலுவை ஐயாவின் மகன் பெயருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியாயிற்று. காப்பி எடுக்கவில்லை. கவரை நானே ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

குழு நண்பர்கள் இதைப் படிப்பீர்கள். மன்னியுங்கள், என்னிடம் எதுவும் இல்லை. பி பக்கத்தில் இருப்பதை அப்படியே வைத்திருங்கள். கடைசியில் வருகிற இருமல் மரியதாஸ் சாருடையது.

நாளை அடக்கம். வருகிறேன் சார்.