பல் டாக்டர் பத்திரத்தில் கோழி இறகு

என் தங்கையை வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். இன்று அவள் பெரிய பெரிய கம்பெனிகளுக்குப் போய், கடிதமும் ஒப்பந்தமும் தாமாகவே நிரம்பும்படி கம்ப்யூட்டரில் செய்து கொடுத்துவிட்டு வருகிறாள். அந்த வித்தையை அவள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. நாங்கள் இருவரும் வேலை பார்த்த டைப்பிங் கடையில், ஒரு கோழியால் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நின்ற நான் முழுவதையும் பார்த்தேன். அதனால் சொல்கிறேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை. பின்பக்கம் புடைத்த பழைய கம்ப்யூட்டர், அதன் முன் ஒரு சுழல் நாற்காலி, சுவரோரம் என் ஜெராக்ஸ் மெஷின். நாற்காலியில் தங்கை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்குத் தாள் அடுக்குவது, பின் அடிப்பது, துளை போடுவதுதான் வேலை. ஒரு தாள் கோணலாக இருந்தாலும் பிரித்துத் திரும்ப அடுக்குவேன். "உன் அண்ணன் அடுக்கி முடிக்கிறதுக்குள்ள ஒப்பந்தமே காலாவதி ஆயிடும்" என்பார் முதலாளி.

எங்கள் கடையில் எதையும் முதலிலிருந்து அடிக்க மாட்டார்கள். வாடகை ஒப்பந்தம் கேட்டு ஒருவர் வந்தால், அவருக்கு முன்னால் வந்தவருடையதைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, பழைய விவரங்களை அழித்துவிட்டுப் புதியதை அடிப்பதுதான் வழக்கம். முதலாளி இதற்குச் "சட்டை மாத்துறது" என்று பெயர் வைத்திருந்தார்.

ஒருநாள் காலை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கடை வளாகத்தின் சொந்தக்காரர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். பின்னாலேயே அவருடைய புது வாடகைதாரரான பல் டாக்டர். டாக்டர் ஒப்பந்தத்தை மேசையில் விரித்தார்.

"படிங்க சார். மூணாவது பக்கம்."

முதலாளி கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "வாடகைதாரர்... உரித்த கோழிகளின் இறகுகளையும் கழிவுகளையும்... அன்றாடம் அகற்ற வேண்டும்."

"நான் பல்லு பிடுங்குறவன்யா! கோழி உரிக்கிறவன் இல்ல!"

ஜெராக்ஸுக்குக் காத்திருந்த ஒருவர், "கோழிக்குப் பல்லே கிடையாதே டாக்டர்" என்றார். கடையே சிரித்தது. டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வளாகத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"மாசக் கடைசியில என் கடை அத்தனைக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். அதுல இந்த மாதிரி ஒண்ணு வந்துதுன்னா, இந்தப் பக்கமே வரமாட்டேன். பாத்துக்குங்க."

அவர்கள் போனதும் முதலாளி தங்கையின் பக்கம் திரும்பினார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது. "அவரு குடுக்கிற வேலை போச்சுன்னா கடை வருமானத்துல பாதி போச்சும்மா. அப்புறம் அந்த நாற்காலிக்கு வேற ஆளைத்தான் பாக்கணும். மனசுல வெச்சுக்க."

வீட்டுக்கு நடக்கும்போது பொடிசு சொன்னாள்: "நான் தூங்கி வழிஞ்சு அடிக்கலண்ணா. கோழிக்கடைப் பத்திரத்தைத் திறந்து, நல்லாப் பாத்துத்தான் சட்டை மாத்தினேன். ஆனா அழிக்கிறதுக்குன்னு ஏதாவது இருக்கிற வரைக்கும், ஒண்ணு கண்ணுல படாமத் தப்பிச்சிடும்."

"அதுக்கு என்ன பண்றது?"

"அழிக்கவே வேண்டாத பத்திரம் ஒண்ணு பண்ணணும்."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பழைய ஒப்பந்தங்களைப் பரப்பினாள். "நீ வாய்விட்டுப் படி. மெதுவாப் படி."

"எனக்கு மெதுவாத்தானே வரும்."

"அதான் வேணும். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். கண்ணு தாவித் தாவி ஓடிடுது."

நான் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். ஆளுக்கு ஆள் மாறுவதை அவள் மஞ்சளில் தடவினாள். சில கடைகளுக்கு மட்டும் வரும் பத்தியைப் பச்சையில் தடவினாள். எவருக்கும் மாறாதது வெள்ளையாகவே கிடந்தது. முடிந்ததும் மஞ்சளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஒரே ஆளு பேரை எத்தனை இடத்துல அடிக்கிறேன் பாரு! ஒரு தடவை கேட்டு வாங்கினாப் போதாதா?"

கேட்டு வாங்கும் வழியை அந்த டைப்பிங் சாஃப்ட்வேருக்குள்ளேயே தேடிக் கண்டுபிடித்தாள். ஒரு சின்னப் பெட்டி எழும்பி, "வாடகைதாரர் முழுப் பெயர்?" என்று கேட்கும். ஒருமுறை அடித்தால் பத்திரம் முழுக்க அந்தப் பெயர் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பச்சைப் பத்திகளைத் தனியே எடுத்து வைத்தாள். கூப்பிட்டால்தான் வரும்; தானாக வராது.

முதலில் பல் டாக்டருக்கே திருத்திக் கொடுத்தோம். குறையே இல்லை. அடுத்து வந்தவர் தையல்கடைக்காரர். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் எப்பம்மா டாக்டரானேன்?" என்றார். எல்லா இடத்திலும் டாக்டர் பெயர்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "முன்னாடி ஒரு இடத்துல தப்பு வரும். இப்ப ஒண்ணு விடாம எல்லா இடத்துலயும் வருது. முன்னேற்றம்தான்!"

பொடிசின் கண் கலங்கியது. ஆனாலும் கை மவுஸை விடவில்லை. நடந்தது இதுதான்: மாதிரிப் பத்திரத்திலேயே டாக்டர் பெயரை நிரப்பி, அதன் மேலேயே சேமித்துவிட்டாள். அச்சில் பொருள் வார்க்கிறவன் அச்சையே விற்றுவிட்ட மாதிரி. டெம்ப்ளேட் என்று தனி வகையாகச் சேமிக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அப்படிச் சேமித்தால், திறக்கும்போதெல்லாம் பெயரில்லாத புதுப் பிரதி ஒன்று வரும். மூலம் கைபடாமல் கிடக்கும். பலமுறை திறந்து, வாய்க்கு வந்த பெயரெல்லாம் போட்டு, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வெறும் பத்திரம்தான் வந்தது.

மாதக் கடைசியில் வளாகத்துக்காரர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் போவேன்."

பத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் சூட்டோடு அடுக்கி, பின் அடித்து, அவர் கையில் கொடுத்தேன். தங்கை திரையைவிட்டுத் திரும்பவே இல்லை. முதலாளி வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்குமேல் முடிந்தபோது வளாகத்துக்காரரின் விரல் ஒரு வரியில் நின்றது.

"இங்க இறகு இருக்கே!"

என் கையிலிருந்த ஸ்டேப்லர் கீழே விழுந்தது. பொடிசு மட்டும் அசையவில்லை. "அது கோழிக்கடைதான் ஐயா" என்றாள்.

அவர் முதல் பக்கத்தைப் புரட்டிப் பெயரைப் பார்த்தார். "அட, ஆமா! இவனுக்கு இருக்கணும்ல?" சொல்லிவிட்டு, அன்றைக்குச் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். மிச்சத்தைப் படிக்கவே இல்லை.

நாற்காலி தங்கைக்கு நிலைத்தது. ஆனால் அவள்தான் அதில் நிலைக்கவில்லை. வளாகத்துக்காரர் போகிற இடமெல்லாம் கோழிக் கதையைச் சொல்ல, கொஞ்ச காலத்தில் ஒரு கம்பெனியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"நான் போயிட்டா இங்க யாரு அடிப்பா?"

முதலாளி என்னைக் காட்டினார்.

"எனக்கு ரெண்டு விரல்தான் ஓடும் சார்."

"பேரு அடிக்க ரெண்டு விரல் போதும்ப்பா. மிச்சத்தை உன் தங்கச்சி அடிச்சு வெச்சிருக்கா."

அவள் போன பிறகு முதல் ஒப்பந்தத்துக்காக டெம்ப்ளேட்டைத் திறந்தேன். பெட்டி எழும்பியது. பழைய கேள்வி இல்லை. "அண்ணா, கடை எடுக்கிறவர் பேரு என்ன? இனிஷியலோட போடு" என்று கேட்டது. அடுத்த பெட்டி: "அண்ணா, இது கோழிக்கடையா? இல்லேன்னா பேசாம அடுத்ததுக்குப் போ." கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு கேள்வியையும் எனக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதிவைத்திருந்தாள். வந்திருந்த வாடிக்கையாளர், "என்னாச்சு, மெஷின் ரிப்பேரா?" என்றார். நான் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியைத் துடைப்பதுபோல் கொஞ்சநேரம் குனிந்துகொண்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ போய்விட்டது. ஒல்லியாக வேறொன்று வந்திருக்கிறது. டெம்ப்ளேட்டை மட்டும் பத்திரமாகப் புதியதற்கு மாற்றச் சொன்னேன். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண் அதைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சார், என்னைப் போய் அண்ணாங்குது. மாத்திடட்டுமா?"

"கேக்க வேண்டியதைச் சரியாக் கேக்குதுல்ல?"

"கேக்குது."

"அப்புறம் என்ன? பதில் சொல்லும்மா."

அவள் சிரித்துக்கொண்டே பெயரை அடித்தாள். நான் மெஷினில் தாள் வைக்கப் போனேன்.