பதினான்கு மாடிக்கும் ஒரே காற்று

பல் டாக்டருக்குப் படித்துவிட்டு ஒரு பல்லையும் பிடுங்காமல் பிழைக்கிறவள் என்று அவளைப் பற்றி உறவுக்குள் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பாதிதான் உண்மை. கொஞ்ச காலம் பிடுங்கத்தான் செய்தாள். கிளினிக் வாடகை அவளையே பிடுங்க ஆரம்பித்ததும் கடையை ஏறக்கட்டிவிட்டு, மருத்துவக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், நாற்காலியின் ஒரு சக்கரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது.

வேலை இதுதான். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், அங்கிருந்து அன்றைக்கே இவளுடைய கம்ப்யூட்டருக்கு ஒரு கோரிக்கை வரும். இன்னாருக்கு இன்ன நோய், இன்ன வைத்தியம், இவ்வளவு ஆகும், அனுமதி கொடுங்கள். நோய்க்கும் வைத்தியத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்து, சரி என்றோ ஏன் என்றோ எழுத வேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே யாரும் தானம் கொடுக்கவில்லை, பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் சம்பளம். படித்த படிப்பு வீண் போகவில்லை என்று அவள் சிரித்துக்கொள்வாள்.

மற்றவர்கள் அந்தக் கோரிக்கைகளைப் பில்லாகப் பார்ப்பார்கள், இவளோ ஊர்ச் செய்தியாகப் படிப்பாள். "இந்த வாரம் வாந்தி பேதி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவாள். தண்ணீர் டம்ளரை எடுத்த கணவர் அப்படியே கீழே வைப்பார். ஒரு ஆஸ்பத்திரி தன் வாசலுக்கு வந்தவர்களை மட்டும் பார்க்கும். ஊரில் இருக்கிற அத்தனை ஆஸ்பத்திரியும் வந்து சேருகிற இடம் தன் மேஜைதான் என்பதில் அவளுக்கு ஒரு தனிக் கர்வம்.

கர்வத்துக்கு ஒரு அடியும் விழுந்திருந்தது. கோரிக்கை அன்றைக்கே வந்தாலும் முடிவான பில் அப்புறம்தான் வரும். போன கோடையில் ஒரே வாரத்தில் டெங்கு பில்கள் குவிந்தன. அவள் பதறி, மேலாளரைப் பதறவைத்து, மேலாளர் நகர சுகாதார அலுவலகத்தைப் பதறவைத்து, தெருத் தெருவாகப் புகை அடிக்கிற வண்டி போயிற்று. அப்புறம் பார்த்தால் ஒரு ஆஸ்பத்திரியின் பில் குமாஸ்தா நீண்ட விடுப்பில் போய்விட்டுத் திரும்பி வந்து, தேங்கிக் கிடந்த மழைக்கால பில்களை எல்லாம் ஒரே மூச்சில் அனுப்பியிருக்கிறார். நோயாளி படுத்த தேதியைப் பார்க்காமல் பில் வந்த தேதியைப் பார்த்து எண்ணிவிட்டாள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் 'கொசு டாக்டர்'. வீட்டில் கூடவே இருக்கிற கொழுந்தன் ஒரு படி மேலே போய் 'கொசு அண்ணி' என்றே கூப்பிட ஆரம்பித்தான். சிரித்தாளே தவிர உள்ளுக்குள் சுருக்கென்றது.

இப்படி இருக்கையில்தான் ஒரு திங்கட்கிழமை காலை நிமோனியா வந்தது. நாற்பது வயது ஆள், புகை பிடிக்காதவர், நல்ல திடகாத்திரம். சரி என்று எழுதினாள். டீ வருவதற்குள் இன்னொன்று. மதியத்துக்குள் மேலும் இரண்டு. ஒரு மாதிரியாக இருக்கிறதே என்று முந்தைய வாரத்தைத் திறந்தாள். அங்கேயும் நாலைந்து பேர். எல்லாரும் வேலைக்குப் போகிற வயது, மழையுமில்லை குளிருமில்லை.

முதல் காரியமாகப் படுத்த தேதியைப் பார்த்தாள். சூடு கண்ட பூனை அல்லவா. அத்தனையும் புதுசு. பழைய பில் ஒன்றுகூட இல்லை.

வீட்டு விலாசங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஊரின் எட்டுத் திக்கும் இருந்தது. ஆஸ்பத்திரிகளும் வேறு வேறு, எதிலும் இரண்டு பேருக்கு மேல் இல்லை. எந்த டாக்டருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை. கம்பெனிகளும் வேறு: ஒன்று வங்கி, ஒன்று கட்டட வரைபடம் போடுகிறவர்கள், ஒன்று வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுகிற கம்பெனி. கொசு டாக்டரம்மா, பேசாமல் வேலையைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கை கேட்டால்தானே. ஒவ்வொரு கம்பெனிக்கும் காப்பீட்டு அட்டைகளை அனுப்பிய விலாசம் வேறொரு பக்கத்தில் இருக்கும். யாரும் அதைத் திறப்பதில்லை. திறந்தாள்.

நாலாவது மாடி. ஏழாவது மாடி. பதினோராவது மாடி. கட்டடம் ஒன்றே. கடைத்தெரு முனையில் கண்ணாடி போட்டு நிற்கிற பதினான்கு மாடிக் கட்டடம்.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிடித்துவிட்டேன் என்று எழுந்தே விட்டாள். அடுத்த நொடி அப்படியே உட்கார்ந்தாள். அதே கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில்தான் கொழுந்தன் வேலை பார்க்கிறான். நேற்றிலிருந்து காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருக்கிறான். வெறும் ஜலதோஷம், உப்புத் தண்ணீர் கொப்புளி என்று வைத்தியம் சொன்னது வேறு யாருமில்லை, இவள்தான்.

ஓட்டமும் நடையுமாக மேலாளர் அறைக்குப் போனாள். பில்லில் எதையாவது வெட்டாமல் விடமாட்டார் என்பதால் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். பேச்சிலும் அப்படித்தான், பாதியை வெட்டிவிடுவார்.

"சார், நிமோனியா. ஒரே கட்டடம்."

"பில் தேதியா, படுத்த தேதியா?"

"படுத்த தேதி சார்."

கத்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவள் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்தார். நின்றபடியே பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"பேர், வீட்டு விலாசம் எதுவும் வெளிய போகக் கூடாது. எத்தனை பேரு, எந்தக் கட்டடம், அவ்வளவுதான் சொல்லலாம். நீங்களே பேசுங்க டாக்டர். போன தடவை நான் வாங்கின திட்டு போதும்."

நகர சுகாதார அதிகாரி ஒரு அம்மாள். குரலைக் கேட்டாலே எதிரில் இருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். "சொல்லுங்க, இந்தத் தடவை எந்தக் கொசு?" என்று ஆரம்பித்தவர், மாடிக் கணக்கைக் கேட்டதும் கேலியை விட்டார்.

"எல்லாரும் ஒரே கேன்டீன்லயா சாப்பிடறாங்க?"

"இல்ல மேடம், கம்பெனிக்கு ஒரு கேன்டீன்."

"அந்தக் கட்டடத்துக்கு ஏசி எப்படி? மொட்டை மாடியில பெரிய தண்ணித் தொட்டி மாதிரி மெஷின் இருக்குமே, ஆவி கிளப்பிட்டு?"

அவள் அந்த வழியாக பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். உச்சியில் வெள்ளையாகப் புகை மாதிரி கிளம்பிக்கொண்டே இருக்கும். "இருக்கு மேடம்."

"லெஜியோனெல்லான்னு ஒரு கிருமி. அழுக்குத் தண்ணியில வளரும், ஆவியோட காத்துல ஏறிடும். மூச்சு இழுத்தா நிமோனியா. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. ஆனா வழக்கமா கொடுக்கிற நிமோனியா மருந்துக்கு அடங்காது." அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டார். "எனக்குச் சந்தேகம் பலமா இருக்கு. ஆனா சந்தேகத்தை வெச்சு பதினாலு மாடிக்கு ஏசியை நிறுத்தினா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. இத்தனை பேர்ல யாருக்காவது அந்த டெஸ்ட் எடுத்திருக்கா?"

எடுக்கவில்லை. சாதாரண நிமோனியா என்று சாதாரண மருந்து போய்க்கொண்டிருக்கிறது.

"ஒண்ணு. ஒரே ஒரு பாசிட்டிவ் கொண்டு வாங்க. அன்னிக்கே நிறுத்தறேன். அதுவரைக்கும் அங்க ஆயிரம் பேர் மூச்சு விடுவாங்க. மறந்துடாதீங்க."

போனை வைத்த கையோடு வீட்டுக்குப் போட்டாள்.

"தம்பி, காய்ச்சல் விட்டுச்சா?"

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க ஜலதோஷம்னு. கொப்புளிச்சுக் கொப்புளிச்சு வாயெல்லாம் உப்புக் கரிக்குது."

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஏன், ஏதாவது கொசு தகவல் சொல்லிச்சா?"

"விளையாடாதே தம்பி. படி ஏறினா மூச்சு வாங்குதா?"

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பிறகு அவன் குரல் இறங்கி வந்தது. "கட்டில்ல இருந்து எழுந்தாலே வாங்குது அண்ணி. சொன்னா பயப்படுவீங்கன்னு சொல்லல."

கணவர் தம்பியைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் கொண்டுவந்தார். அவள் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே போய் நின்றாள். படம் எடுத்துப் பார்த்ததில் வலது பக்க நுரையீரலில் சளி கட்டியிருந்தது. பணியில் இருந்த டாக்டர் இளைஞர், தூக்கம் இல்லாத கண். அவள் கட்டடக் கதையைச் சொல்லி, அந்த டெஸ்ட்டை எடுக்கச் சொன்னாள்.

"நீங்க எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?"

"நான் பல் டாக்டர். இப்ப இன்சூரன்ஸ்ல இருக்கேன்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்சூரன்ஸ்காரங்க இந்த டெஸ்ட் எதுக்கு, அந்த டெஸ்ட் எதுக்குன்னுதான் கேட்பாங்க. எடுங்கன்னு சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்." சொல்லிவிட்டு உடனே எழுதினார். அந்தக் கிருமிக்குக் கேட்கிற வேறு மருந்தையும், முடிவு வரும்வரை காத்திராமல், சேர்த்தே எழுதினார்.

கோரிக்கை இவள் அலுவலகத்துக்குத்தான் போயிற்று. சொந்தக்காரர் கோரிக்கையை அவள் தொடக் கூடாது, அது சட்டம். கத்தரியே எடுத்தார். எதையும் வெட்டாமல் திரும்பி வந்ததைப் பார்த்து ஆஸ்பத்திரி பில் கவுண்டர் பெண்ணே நம்பாமல் இன்னொரு தடவை படித்தாள்.

சிறுநீரில் எடுக்கிற டெஸ்ட், முடிவு சீக்கிரம் வந்துவிடும். பரிசோதனைக்கூடத்துக் கதவைத் திறந்து நர்ஸ் காகிதத்தை நீட்டினார். பாசிட்டிவ். அவள் வராந்தாவிலேயே துள்ளிக் குதித்தாள், கை தட்டினாள், நர்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்புறம்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"என் தம்பிக்கு வியாதின்னு காகிதம் வருது, நீ குதிக்கிறே."

"என்ன வியாதின்னு தெரிஞ்சுபோச்சுங்க. அதுக்குத்தான்." சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "தெரியாம இருந்திருந்தா?"

அவர் நகர்ந்து, பெஞ்சில் அவளுக்கு இடம் கொடுத்தார்.

அதிகாரி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பொழுது சாய்வதற்குள் மொட்டை மாடி மெஷின் நின்றது. மற்ற நோயாளிகள் படுத்திருந்த ஆஸ்பத்திரிகளுக்கு எல்லாம் அவரே போன் போட்டு மருந்தை மாற்றச் சொன்னார். மறுநாள் கண்ணாடிக் கட்டடத்தில் பதினான்கு மாடிக்காரர்களும் வியர்த்து வழிந்து, காப்பீட்டு அலுவலகத்தில் எவளோ ஒருத்தி கிளப்பிவிட்ட புரளி என்று திட்டித் தீர்த்தார்கள். காது குளிரக் கேட்டுக்கொண்டாள்.

"இதோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க" என்று அதிகாரி எச்சரித்திருந்தார். "போன வாரமே மூச்சுல உள்ள போனவங்களுக்கு இனிமேதான் காய்ச்சல் வரும். உங்க கம்ப்யூட்டர்தான் எனக்குக் கண்ணு. பார்த்துட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த விலாசம் வந்தால் தனியாகச் சிவப்பில் காட்டும்படி கத்தரி செய்துகொடுத்திருந்தார். வந்தன. ஒரு காவலாளி, ஒரு கணக்காளர், பன்னிரண்டாவது மாடியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். முதல் நாளே சரியான மருந்து கிடைத்ததால் யாரும் செயற்கை மூச்சு வரைக்கும் போகவில்லை. பிறகு ஒன்று வந்தது, பிறகு நாள் முழுக்க ஒன்றும் வரவில்லை. கொழுந்தன் வீடு திரும்பி, ஒரு மாடி ஏறி, "மூச்சு வாங்கல அண்ணி" என்று மேலே நின்று கத்தினான். அவள் கீழேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறமும் சிவப்பு வரவில்லை. வராமல் இருக்க இருக்க அவளுக்குப் பதற்றம்தான் கூடியது. சாப்பிடும்போதுகூட மனசு அந்த ஒரு நிறத்திலேயே இருந்தது.

ஒரு காலை, டீ டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சிவப்பு.

அதே கட்டடம். ஆறாவது மாடி. பெண், இருபத்தொன்பது வயது, விடியற்காலையில் சேர்க்கப்பட்டிருக்கிறாள். இந்த வாரம் வரைக்கும் தினமும் வேலைக்குப் போயிருக்கிறாள். இவள் நோய் என்ற இடத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியிலிருந்தவர், "என்னாச்சு டாக்டர்?" என்று எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

கண்ணைத் திறந்து படித்தாள். சுகப்பிரசவம். பெண் குழந்தை, மூன்று கிலோ. தாயும் சேயும் நலம்.

முழுத் தொகைக்கும் அனுமதி என்று தட்டினாள். குறிப்பு எழுதுகிற இடம் ஒன்று இருக்கும். கேள்வி கேட்பதற்காக வைத்தது, அனுமதி கொடுத்துவிட்டால் காலியாக விடுவதுதான் முறை. அவள் அதில் 'குழந்தை நன்றாக மூச்சு விடட்டும்' என்று எழுதி அனுப்பினாள்.