மமசோலிக்குக் கிடைத்த பட்டம்

பெர்கானா பள்ளத்தாக்கில் ஒரு சிறு நகரம். அங்கே மரம் வெட்ட அனுமதி கொடுக்கும் ஆபீஸில் மமசோலி குமாஸ்தா. புறாவே கதியென்று கிடப்பவனை அந்த ஊரில் ‘கப்தர்போஸ்’ என்பார்கள். காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுபவன் ‘கோகோஸ்போஸ்’. அவன் ஆபீஸில் அடிக்கும் கூத்துக்குப் பெயர் ‘கோகோஸ்போஸ்லிக்’.

ஒருநாள் வரிசையில் நின்று நொந்துபோன பெரியவர் ஒருவர் “கோகோஸ்போஸ்!” என்று மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். மமசோலிக்குக் கோபம் வரவில்லை. தொழில்மேல் தனக்கிருக்கும் பிரியத்தை ஊர் கண்டுகொண்டதாக நினைத்து, வீட்டுக்கு வந்து பெருமையாக மனைவியிடம் சொன்னார். ஓயிம்கான் சிரிப்பை அடக்க ஒரு துண்டு ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டாள்.

அந்த வசந்தத்தில் அவர்கள் முற்றத்து மல்பெரி மரம் சமையல் கொட்டகைப் பக்கம் சாய ஆரம்பித்தது.

“கோடாலிய எடுங்க” என்றாள் ஓயிம்கான்.

“அனுமதி இல்லாமலா? அதுவும் நானா?”

விண்ணப்பம் எழுதினார். மறுநாள் ஆபீஸில் அதைத் தானே வாங்கி, தானே படித்தார். இடத்தைப் பார்வையிட வேண்டும். பார்வையிட வேண்டியவரும் அவர்தான். சாயங்காலம் பையும் தொப்பியுமாக வந்து தன் வீட்டுக் கதவையே தட்டினார்.

“யாரு?”

“ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன்.”

ஓயிம்கான் கதவைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். “வீட்டுக்காரரு வெளியில போயிருக்காரு. அவரு வந்ததும் வாங்க.” கதவு சாத்திக்கொண்டது.

தூறலில் நின்றபடி, அவள் சொன்னதும் விதிப்படி சரிதானே என்று யோசித்தார். ‘உரிமையாளர் வீட்டில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டார்.

அந்த வாரமே அடித்த காற்றில் மரம் விழுந்து கொட்டகை நொறுங்கியது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. பக்கத்து வீட்டு நூர்மத் கோடாலியோடு ஓடிவந்தான். புறா வளர்ப்பவன். பின்னாலேயே தெருவும் வந்தது.

“நிறுத்து!” மமசோலி கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். “நிக்கிற மரத்துக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கு. விழுந்த மரத்துக்கு வேற போடணும்.”

நூர்மத் கோடாலியைக் கீழே இறக்கினான்.

“அண்ணே, என்னைக் கப்தர்போஸ்னு ஊரே சொல்லுது. சொல்லட்டும். நான் விசிலடிச்சா என் புறா திரும்பி வந்துரும். உங்ககிட்ட வந்த காகிதம் ஒண்ணாவது வீடு திரும்பியிருக்கா?”

தெரு கொல்லென்று சிரித்தது. மமசோலிக்குக் காது சுட்டது. தான் ஒரு நிமிஷம் முன்பு சொன்னதை வேறொரு ஆள் சொன்னதாக நினைத்துப் பார்த்தார். அந்த ஆளை அவருக்கே அறையவேண்டும் போலிருந்தது. பெரியவர் கொடுத்தது பட்டம் அல்ல, வசை என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து, வயிறு வலிக்கும்வரை அவரும் சிரித்தார். “வெட்டுப்பா” என்றார்.

அன்று முற்றத்திலேயே அடுப்பு மூட்டி ஓயிம்கான் எல்லோருக்கும் புலாவ் போட்டாள்.

அதற்காக மமசோலி ஒரேயடியாகத் திருந்திவிடவில்லை. கட்டுக்கட்டாகக் கேட்டவர் இப்போது ஒரே ஒரு காகிதம்தான் கேட்கிறார். மரத்தை அன்றைக்கே போய்ப் பார்த்துவிடுகிறார். “அந்த ஒண்ணு மட்டும் எதுக்கு?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“வெறுங்கையோட உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துருதும்மா” என்றார்.