ஒளித்துவைத்த படம்

என் நண்பருக்குக் கண் கொஞ்சமாவது தெரிந்துகொண்டிருந்த கடைசி மாதங்களில், அவர் காலமெல்லாம் தேடிய ஒரு திரைப்படத்தை என் வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டே, கிடைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் கேட்டபோதெல்லாம் அப்படித்தான் சொன்னேன். என் மற்றத் தவறுகளுக்கு வறுமை, கோபம், அறியாமை என்று ஏதாவது ஒரு காரணம் காட்டிவிடலாம். இதற்கு ஒன்றும் கிடையாது. அந்தப் படத்தைப் பற்றி முதலில் பேசுகிறவன் நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு திரைப்படச் சங்கம் உண்டு. நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன். நண்பர் அரசுப் பொறியாளர். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து ரயிலில் தகரப் பெட்டிகளில் படச்சுருள்கள் வரும். நாங்கள் இருவரும் விடிகாலையில் போய் இறக்குவோம். சில சமயம் சுருள்கள் வரிசை மாறி ஓடிவிடும். செத்துப்போனவன் எழுந்து வந்து காப்பி குடிப்பான். இயக்குநரின் புதுமை என்று அதையும் விவாதித்திருக்கிறோம். ஒரு படம் முழுக்கப் பார்வையாளர்களாக நாங்கள் இருவர் மட்டுமே இருந்ததும் உண்டு. அன்றும் அவர் படம் முடிந்ததும் எழுந்து நின்று, "யாருக்காவது கேள்வி இருக்கா வே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படத்தைத் தேடிக் கொண்டுவருகிறவர்தான் திரையிடலுக்கு முன்னால் பேச வேண்டும். சம்பளமோ பட்டமோ இல்லாத எங்கள் உலகத்தில் அதுதான் மரியாதை. அதற்காக நாங்கள் இருவரும் உள்ளூரப் போட்டி போட்டோம். டிவிடி வந்தது, பிறகு ஹார்ட் டிஸ்க் வந்தது. போட்டி மட்டும் அப்படியே இருந்தது.

நண்பர் தேடிய படத்தைப் பற்றி இளம் வயதில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தோம். கூடவே ஒரு புகைப்படம்: பெரிய ஏரி, ஒரு படகு, அதில் ஒரு கிழவியும் கழுத்தில் மணி கட்டிய பசுமாடும். ஏரிக்கு அக்கரையில் கூடும் சந்தையில் மாட்டை விற்கப் போகிறாள் கிழவி. கதை அவ்வளவுதான். பேச்சு அநேகமாகக் கிடையாது. படத்தின் பிரதிகள் அழிந்துவிட்டதாகச் சொன்னார்கள். பார்க்க முடியாது என்றதாலேயே அவருக்கு அதன்மேல் பைத்தியம். அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

போன வருடம் ஆனி, ஆடிச் சாரல் காலத்தில், வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது ஒரு பென்டிரைவ் கொடுத்தார். எங்கிருந்தோ ஒரு பிரதி அகப்பட்டு, அதைச் செப்பனிட்டிருக்கிறார்களாம். அன்று மத்தியானமே பார்த்துவிட்டேன். நண்பரை அழைக்கத்தான் போனை எடுத்தேன். எடுத்த கையோடு தை மாத ஆண்டு விழா நினைவுக்கு வந்தது. நிறைந்த அரங்கில், முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருக்க, நான் மேடையேறிப் பேசுவதைக் கற்பனை செய்தேன். போனை வைத்துவிட்டேன்.

அவருக்குக் கண்ணில் அழுத்த நோய் என்பது எனக்குத் தெரியும். ஓரப் பார்வை போய்விட்டது, மிச்சமும் எந்த நேரமும் போகலாம் என்று மருத்துவர் சொன்னதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். "அந்த மாட்டை ஒரு தடவ பாத்துட்டேம்னா போதும் வே. அப்புறம் கண்ணு கடையை அடைச்சிக்கிடட்டும்" என்றார். நான், "தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அவர் வெளியே வருவது குறைந்தது. தை மாதம் விழாவுக்கு அவருடைய மனைவி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர். அரங்கில் வைத்துத்தான் என்ன படம் என்று அறிவித்தேன். நண்பர் முகம் பூரித்துப்போனது. "அடப்பாவி, சொல்லவே இல்லையே" என்றார். நான் அரைமணி நேரம் பேசினேன். படத்தின் கடைசியில் மாடு விலைபோகாமல் கிழவியோடு திரும்பி வருவதை, மனிதரின் நம்பிக்கை அது இது என்று விளக்கினேன். கைதட்டினார்கள். இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படம் தொடங்கியது. ஏரியில் பனிமூட்டம்.

"எல்லாம் வெள்ளையா இருக்கே. படமே அப்படியா வே?"

"ஆமா. பனி."

மூட்டத்துக்குள்ளிருந்து படகு மெதுவாக வெளிப்பட்டது. மாடு தலையைத் திருப்பி நேராக எங்களைப் பார்த்தது. அரங்கமே மூச்சு விட்டது.

"இப்பமும் பனிதானா?" என்றார்.

கொஞ்ச நேரத்தில், அது பனி இல்லை என்று அவருக்கே புரிந்துவிட்டது. படம் முடியும்வரை திரையை நோக்கியே உட்கார்ந்திருந்தார்.

மறுவாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுணில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். தேர் போகும் தெருவில் பேருந்துச் சத்தம் ஓயாத வீடு. டீச்சர் காப்பி கொண்டுவந்து வைத்தார். அவர் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்: படம் சாரல் காலத்திலேயே என் கைக்கு வந்துவிட்டது, விழாவுக்காக ஒளித்துவைத்தேன்.

டீச்சர்தான் முதலில் பேசினார்.

"அண்ணாச்சி, அப்பம் இவாளுக்குப் பேப்பர்ல எழுத்து தெரிஞ்சுது. என் மூஞ்சி தெரிஞ்சுது."

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

டீச்சர் உள்ளே போய்விட்டார். நண்பர் காப்பி டம்ளரைத் தடவி எடுத்தார். "பென்டிரைவைக் கொண்டாந்திருக்கீரா?" என்று கேட்டார். கொண்டுவந்திருந்தேன். "அப்பம் போடும். நீரு பாத்துச் சொல்லும். நான் கேக்குதேன்."

மடிக்கணினியில் ஓடவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். பனிமூட்டம் அவளுடைய தனிமையைக் குறிக்கிறது என்றேன்.

"ஓய், தோணுததைச் சொல்லாதியும். தெரியுததைச் சொல்லும். அவ என்ன உடுத்தியிருக்கா?"

"கறுப்பு உடுப்பு. தலையில துணி. முழங்கைப் பக்கம் தையல் பிரிஞ்சிருக்கு."

"ஆங். இது சரி."

இவ்வளவு பார்த்த எனக்கு, கண்ணில் படுவதை மட்டும் சொல்வது அத்தனை கடினமாக இருந்தது. கடைசிக் காட்சி வந்தது. மூட்டத்தில் படகு திரும்புகிறது. மாட்டு மணிச் சத்தம். மாடும் அவளும் திரும்பி வருகிறார்கள் என்றேன்.

"நிறுத்தும். மாடு தெரியுதா?"

"முன்பக்கம் கறுப்பா, உருவமாத் தெரியுது."

"பின்ன ஏன் வே மணி துடுப்புக்குச் சரியா அடிக்குது? போறப்பம் இப்படியா அடிச்சுது? மாடு அதுபாட்டுக்கு அசை போடும், ஈ ஓட்டும், தலையை ஆட்டும். இது துடுப்பை ஒரு வலி வலிச்சா, ஒரு மணி. ஒரு வலி, ஒரு மணி. கையைப் பாரும்."

ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துடுப்புப் பிடித்த அவள் மணிக்கட்டில் மணி கட்டியிருந்தது. முன்னால் தெரிந்த உருவம் ஒரு மூட்டை. மாடு விற்றுப்போய்விட்டது. மணியை மட்டும் அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் சொன்னதும் அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீரோடு.

"இத்தன மாசம் ஒத்தையில வச்சுப் பாத்து என்ன வே கிழிச்சீரு?"

அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டையும் சொன்னேன்: படத்தை ஒளித்ததையும், அதைத் தப்பாகப் பேசியதையும். இரண்டாவதற்குச் சிரித்தார்கள். முதலாவதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. டீச்சர் காப்பி தருகிறார். முன்போல் என் வீட்டாரைப் பற்றி விசாரிப்பதில்லை.

முன்பேச்சு உரிமையை நான் நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். படம் எனக்குக் கிடைத்தால், கிடைத்த அன்றே பேருந்து ஏறி டவுணுக்குப் போய்விடுகிறேன். இப்போதெல்லாம் முழுக்கப் பார்ப்பதுகூட அங்கே வைத்துத்தான். நான் சொல்கிறேன், அவர் குறுக்கே குறுக்கே கேட்கிறார். மன்னித்தேன் என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் அவர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார். "இந்தப் படத்தை நான் பாக்கல. இவருதான் பாத்தாரு. ஆனா இவரை நம்பிராதீங்க." எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் என் பக்கம் தலையைச் சாய்த்து, நானும் சிரித்துவிட்டேனா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுகிறார்.