சூடேறாத கண்டன்சர்

திருப்பதி ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் என் கணவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் ஒரே காட்சிதான். ரேடியோவில் உறுமல் வராமல் தடுக்கும் புதுக் கண்டன்சரை நெடுநேரம் கரண்டில் விட்டு, பிறகு நிறுத்தி, விரலால் தொட்டுப் பார்ப்பார். சூடேறியிருந்தால் குப்பைக்குப் போகும். வருஷக்கணக்கில் கிடங்கில் கிடந்து உள்ளே காய்ந்துபோன சரக்குதான் பெரும்பாலும் வரும். "மேல மினுமினுன்னு இருக்குது, உள்ள ஒண்ணுமில்ல" என்று சலித்துக்கொள்வார்.

எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, பிச்சாட்டூரிலிருந்து ஒரு அம்மாள் ரேடியோவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். பெட்டியில் நியூஸ் வரவில்லை, உறுமல் மட்டுமே வந்தது. அன்று சோதித்த கண்டன்சர் எல்லாமே சூடேறின.

"ரெண்டு நாள் கழிச்சி வாம்மா."

"அதுக்குள்ள என்னா சேதி வருமோ நைனா. நான் இங்கியே குந்திக்கினு இருக்கறேன்."

என் கணவர் வீட்டுக்கு வந்து எங்கள் ரேடியோவைத் திருப்பிப் போட்டு அதன் கண்டன்சரைக் கழற்றினார்.

"ஏங்க, கடையில ஒண்ணுகூடவா இல்ல?"

"இருக்குது. எதையும் நம்ப முடியல. இது இத்தினி நாளா நல்லா ஓடிக்கினு இருக்குது."

மாமியார் படுக்கையில் இருந்த காலம் அது. சாயங்காலப் பாட்டு ஒன்றுதான் எனக்கு ஓய்வு. இன்று எந்நேரமும் பாட்டு கிடைக்கிறது. அன்று அதை விட்டால் வேறில்லை. மறுத்துப் பேசவும் எனக்குத் தெம்பில்லை.

மகன் உயிரோடு திரும்பினான். குண்டு வெடித்ததில் இரண்டு காதும் போயிருந்தன. அம்மாள் சொல்லியனுப்பியதால் மறு வருஷம் பிச்சாட்டூர் போனோம். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவன் அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மா கேட்பதை அப்படித்தான் அவனும் கேட்பானாம்.

"அண்ணா, நேத்துலேர்ந்து உள்ள நடுங்கிக்கினே இருக்குது" என்றான், தன் குரலின் அளவு தெரியாமல் உரக்க.

எங்களுக்குப் பாட்டைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அவர் பெட்டியில் காதை ஒட்டிவைத்துப் பார்த்தார். "ஆமா, லேசா உறுமுது. கண்டன்சர் போவப்போவுது."

அதுவரை பாடாமலே கிடந்த எங்கள் வீட்டுப் பெட்டிக்கென்று பல நாள் சோதித்து எடுத்த ஒன்று அவர் பையில் இருந்தது. பையைத் திறக்காமல் என்னைப் பார்த்தார்.

"போடுங்க" என்றேன்.

மாற்றி முடித்ததும் அவன் மறுபடி கையை வைத்தான். நாங்கள் மூவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நின்னுபோச்சி" என்றான். கையை மட்டும் எடுக்கவில்லை.