கூரையைப் பிய்த்தது நான்தான்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பிரியாணி தின்று கை கழுவியதும் யாராவது ஒருவர் வேன் கதையை எடுப்பார். சித்தப்பா ஓட்டிய வேனின் கூரை நடுரோட்டில் பிய்த்துக்கொண்டு போன கதை. எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பாவும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அது சித்தப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

சித்தப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய இரும்பு யார்டில் கேஸ் கட்டிங் வேலை பார்த்தார். லாரி, பஸ், படகு, எது வந்தாலும் தீயால் அறுத்துத் துண்டு போடுகிற வேலை. அந்த மாதிரித் துண்டுகள்தான் அப்பா வேலை பார்த்த மில்லில் உருகிக் கம்பியாகும். அப்பா பர்மனென்ட். சித்தப்பா தினக்கூலி. வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பெயின்ட் அடித்த இரும்பை அறுத்தால் வரும் புகை சாதாரணப் புகை இல்லை. சித்தப்பா காலையில் பல் விளக்கும்போது கறுப்பாகத் துப்புவார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஒரு நாள் யார்டுக்கு ஒரு வெளிநாட்டு வேன் வந்தது. எந்த நாட்டுக்காரனோ ஊர் ஊராக ஓட்டிவந்து துறைமுகத்தில் விட்டுப்போன பழைய வண்டி. வெயிலில் கிடந்து, ஏலத்துக்குப் போய், கடைசியில் சித்தப்பாவின் தீக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே மடக்குக் கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி. கூரையைத் தள்ளினால் முன்பக்கம் மேலே எழும்பும். சுற்றிலும் கேன்வாஸ் துணி, அதற்குள் மாடி மாதிரி இன்னொரு படுக்கை. சித்தப்பா அதை அறுக்கவில்லை. முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டார். ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட வராமல் அதன் அடியிலேயே கிடந்தார். செத்துப்போன வேறொரு வேனின் இன்ஜினைப் பொருத்தினார். பேப்பர்களை எப்படிச் சரிசெய்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"வேளாங்கண்ணி, திருப்பதி, சபரிமலை, எங்க வேணா வாடகைக்கு உடலாம்ணே. ரூம் போட வேணாம். இதுலயே ஆக்கித் துன்னுட்டு இதுலயே தூங்கிக்கலாம். அந்தப் பொகைல இருந்து நான் வெளிய வந்துடுவேன்."

"மொதல்ல வேளாங்கண்ணி போயி முழுசா திரும்பி வந்து காட்டு," என்றார் அப்பா. "அப்பால வேலைய உடறதப் பத்திப் பேசலாம்."

என் தம்பிக்கு மாதா கோயிலில் மொட்டை அடிக்கிற வேண்டுதல் பாக்கி இருந்தது. அந்தச் சாக்கில் மே மாதத்தில் பயணம் முடிவானது.

இப்போது என்னைப் பற்றி. அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பா ஓவர்டைம் பார்த்துப் படிக்கவைத்தார். அதனால் தெருவில் இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். மாத்திரை அட்டை, பேங்க் பாரம், கரன்ட் ஆபீஸ் நோட்டீஸ். பாதிக்கு மேல் எனக்குப் புரியாது. புரியாததை வேகமாக, மூக்கால் வாசித்துவிட்டு எதையாவது சொல்வேன். சரிபார்க்க ஆள் கிடையாது. மாத்திரை எல்லாமே என் வாசிப்பில் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கோடை முழுக்க அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "தண்டத்துக்கு அழுவறேன். ஜூன்ல கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டுட்றேன் பாரு."

கிளம்புகிற அன்று விடியற்காலையில் அப்பா வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முன் கண்ணாடிக்கு மேலே, உள்பக்கம், சிவப்பாக ஒரு கைப்பிடி.

"இது இன்னாடா?"

"தெர்லண்ணே. கூரைக்குப் போட்டதுன்னு நெனைக்கறேன். மேல கீழ ரெண்டு பக்கமும் போவுது. பக்கத்துல தகட்டுல எழுதிக்கீது. சோழவரம் பழைய ரேஸ் ட்ராக்குல ஓட்டிப் பாத்தேன், எப்டி வச்சாலும் ஒண்ணும் ஆவல."

"எப்டி ஆவும். நீ முப்பதத் தாண்டிருக்க மாட்ட." அப்பா என் பக்கம் திரும்பினார். "இவ்ளோ ஃபீஸ் கட்றேன் இல்ல. படிச்சி சொல்லு அவனுக்கு." சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டப் போனார்.

சித்தப்பா என்னைத் தூக்கி சீட்டின் மேல் நிறுத்தினார். தகட்டில் நான்கு வரி. எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்து. ஒரு சொல்கூடத் தெரியவில்லை. ஒரு சொல் கூட்ஸ் வண்டி மாதிரி நீண்டுகொண்டே போனது. அது இங்கிலீஷே இல்லை, ஜெர்மன் என்று இப்போது தெரியும். நான் வேலை பார்க்கிற கம்பெனியில் இரண்டு மெஷினில் அந்த மாதிரித் தகடு இருக்கிறது. அன்றைக்கு எங்கள் கலெக்டர் வந்திருந்தாலும் திணறியிருப்பார். தெரியாதது தப்பில்லை. 'தெரியல சித்தப்பா' என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு கயிறு எடுத்துக் கூரையைக் கட்டியிருப்பார். கதை முடிந்திருக்கும்.

நான் மூக்கால் நாலு வரியையும் வாசித்தேன். "போம்போது கீழ. நிக்கும்போது மேல," என்றேன்.

"கரெக்டா?"

"போட்டுக்கீது சித்தப்பா."

அவர் கைப்பிடியைக் கீழே தள்ளினார்.

செங்குன்றம் தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்தி அம்மா அடுப்பைப் பற்றவைத்து உப்புமா கிண்டினாள். பஸ்ஸில் போகும் நாட்களில் அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவாள். அன்று வேனுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாஷ்டா எப்டி அண்ணி?" என்றார் சித்தப்பா.

"நான்தான தம்பி செஞ்சேன். என்னையே கேக்கற."

"அடுப்பு யாருது?"

அப்பாவே சிரித்துவிட்டார். டோல்கேட்டில் காக்கிச் சட்டைக்காரர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். வாடகை எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். செங்கல்பட்டு தாண்டியதும் அப்பா முன் சீட்டில் சாய்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "நல்லாத்தான்டா கீது. அடுத்த மாசத்தோட வேலைய உட்டுடு," என்றார்.

சித்தப்பா ஆக்சிலேட்டரை அழுத்தினார். அவருக்கு வேறு எப்படிச் சந்தோஷப்படுவது என்று தெரியவில்லை.

மதுராந்தகம் ஏரிக்குப் பக்கத்தில் திறந்த வெளி. எதிர்க்காற்று. லாரி ஒன்று உரசுகிற மாதிரித் தாண்டியது. படீரென்று ஒரு சத்தம், அதோடு துணி கிழிகிற சத்தம். தலைக்கு மேலே வானம் தெரிந்தது. கூரை முன்பக்கம் தூக்கிப் பின்னால் மடிந்து ஒரு கீலில் தொங்கியது. தம்பியின் புதுச்சட்டை, பாய், மாதாவுக்கு வாங்கிய மெழுகுவர்த்தி எல்லாம் ரோட்டில். மேலிருந்து விழுந்த குண்டான் பட்டு அம்மாவின் நெற்றியில் ரத்தம். தம்பி அலறினான். பின்னால் வந்த பஸ் நின்று, ஜன்னலெல்லாம் தலை.

அப்பா இறங்கவில்லை. கைப்பிடியைத்தான் முதலில் பார்த்தார். கீழே இருந்தது. மேலே தள்ளினார். கொக்கி ஒன்று வெளியே வந்து, பிடிக்கக் கூரை இல்லாமல் நின்றது.

"நீ இன்னா சொன்ன?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா சொல்லிவிட்டார். "பாப்பா மேலன்னுதாண்ணே சொல்ச்சி. நான்தான் தூக்கக் கலக்கத்துல மாத்தி வச்சிட்டேன்."

அதோடு நான் சும்மா இருந்திருந்தால்கூட இன்று கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவேன். நான் சும்மா இருக்கவில்லை.

"ஆமா நைனா. மேலன்னுதான் சொன்னேன். சித்தப்பா காதுலயே வாங்கல," என்றேன்.

சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டையைப் பொறுக்க ரோட்டுக்குப் போனார்.

"பத்து வயசுப் பொண்ணு படிச்சிச் சொல்லுது. அதக்கூடக் கேக்கத் தெர்ல. நீ ஊரான் ஊட்டு ஜனத்த ஏத்திக்கினு சபரிமலைக்குப் போவப்போறியா? போ, போயி இரும்ப அறு." பஸ் ஜனத்தின் முன்னால்தான் அப்பா இதைச் சொன்னார். அம்மா முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, "போதும், உடுங்க," என்றாள்.

நாங்கள் பஸ் பிடித்து வேளாங்கண்ணி போனோம். சித்தப்பா வண்டியோடு ரோட்டோரத்தில் இருந்துவிட்டார். தம்பிக்கு மொட்டை அடித்தார்கள். நான் மாதா முன்னால் முழங்காலில் நின்று, சித்தப்பா உண்மையைச் சொல்லிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அத்தனை உருக்கமாக நான் ஜெபித்ததே இல்லை.

ஜூனில் அப்பா என்னை அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், என் பேச்சைக் கேட்டிருந்தால் கூரை போயிருக்காது என்று சொன்னார். அந்த வருடம் நான் பயத்திலேயே படித்தேன். படித்தது ஒட்டிக்கொண்டது. இன்று அதில்தான் சோறு தின்கிறேன்.

வேனை லாரியில் கட்டி யார்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள். கூரையும் போய், அப்பாவின் சொல்லும் போன பிறகு அதை வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுத்தார்கள். வேறு ஆள் அறுக்கிறேன் என்று சொன்னதற்குச் சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லையாம். அம்மா என்னிடம் சோற்று கேரியரைக் கொடுத்து அனுப்பினாள்.

நான் போனபோது கதவு இரண்டும் தரையில் கிடந்தன. சித்தப்பா பக்கவாட்டில் தீயை ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தீயைக் குறைத்து, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஸ்கூல் தொறந்துட்டாங்களா?"

"ம்."

"நல்லா படி." சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கப் போனவர் நிறுத்தினார். "இங்க பாக்காத பாப்பா. அந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

கேஸ் கட்டிங் வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் ஒரு டயர்மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்னால் தகடுகள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்டது. ஒருமுறைகூடத் திரும்பவில்லை. என் கண்ணுக்காகத்தான் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.