காப்பு கட்டிய வாரத்தில் வந்த பரீட்சை

போன வைகாசியில் என் ஊரே எனக்கு எதிராக நின்றது. மாரியம்மன் ஒருத்திதான் என் பக்கம் நின்றாள். அவளைக் கும்பிடுகிற உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் ஜவ்வாது மலைக்காரி. எட்டாவது வரை படித்தவள். சாமைக் காடுதான் எங்கள் பிழைப்பு. மகள் ரேவதி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க ஆசைப்பட்டாள். நுழைவுத் தேர்வில் கணக்கு உண்டு. பன்னிரண்டாவதில் அவளுக்கு அந்தப் பாடமே கிடையாது. ஒரு வருஷம் பழைய புத்தகங்களை வைத்துத் தானாகவே போட்டுப் பழகினாள். களை எடுக்கும்போதுகூட வாய்க்குள் சூத்திரம் சொல்லுவாள்.

செவ்வாய்க்கிழமை ஊர்த் திருவிழாவுக்குக் காப்பு கட்டினார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மறுநாள் தேர்வுச் சீட்டு வந்தது. வெள்ளிக்கிழமை, வேலூரில்.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் என் வீட்டுக்காரரின் அண்ணன். அவரிடம் கேட்டோம்.

"எகனாமிக்ஸ் படிச்சி இன்னா பண்ணப் போறா? சாமை வெலைய ஏத்திடுவாளா?" என்று சிரித்தார்.

"ஏன் ஏறலன்னாவது தெரிஞ்சிக்கிறேன் பெரிப்பா," என்றாள் ரேவதி.

"வாயப் பாரு. அடுத்த வருசம் எழுதிக்கட்டும்."

என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். அடுத்த வருஷத்துக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். கெஞ்சவில்லை. "தாயே, நீ வேணாம்னு சொன்னாலும் கூட்டிட்டுப் போவேன். தண்டிக்கணும்னா என்னத் தண்டி. புள்ளையையும் ஊரையும் வுட்டுடு," என்று சொல்லிவிட்டு அழுதேன்.

வியாழன் காலை ஊரார் முன்னால் ஊர்க்கவுண்டரிடம் போய் நின்றேன். "பூ கேக்கலாம் மாமா. அம்மனே சொல்லட்டும்." எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. அதை எங்கள் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

"பொட்டலத்த நானே கட்டுவேன், நானே எடுப்பேன்," என்றார்.

"எடுங்க மாமா."

இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை அரளி.

அவரே ரேவதிக்குத் திருநீறு பூசினார். "போய்ட்டு வா. பெயிலாகி மட்டும் வராத."

மத்தியான பஸ்ஸிலேயே மலை இறங்கினோம். அவள் தேறினாள். இப்போது பொருளாதாரம் முதல் வருஷம் படிக்கிறாள். ஊருக்கு ஒரு குறையும் வரவில்லை. இந்த வருஷம் காப்புக்கு நாள் குறிக்கும்போது மாமாவே கேட்டார்: "எந்த வூட்டுப் புள்ளைக்காவது பரீட்ச இருக்குதா? இப்பவே சொல்லிடுங்க."

அம்மன் பேரைச் சொல்லி உங்கள் பெண்ணை யாராவது நிறுத்தினால், நேரே அந்த அம்மன் முன்னாலேயே போய் நில்லுங்கள். சண்டை போட்டுக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை.